கருத்தா யார்? – நாவலாசிரியனும் அவன் படைத்த மாந்தரும்

தமிழ் இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்குரிய கருத்தாப் பொருளை இரண்டாகப் பகுத்துக் கூறும். ஒரு தொழிலைத் தானே செய்பவன் இயற்றுதற் கருத்தா; பிறரைக் கொண்டு செய்விப்பவன் ஏவுதற் கருத்தா. தச்சனாலாகிய கோயில், அரசனாலாகிய கோயில் என்னும் இரு தொடரும் ஒரே கோயிலைக் குறித்து வழங்கலாம், இரண்டும் வழுவற்றவை. ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கத்தைப் பாடமாகக் கற்றோரும், நீர்வேலிச் சங்கர பண்டிதர் போன்றோர் வளர்த்த இலக்கணக் கல்வி மரபில் வந்தோரும் இப்பாகுபாட்டை இளமையிலேயே அறிவர். நாவலைக் குறித்து நெடுங்காலமாக எழுந்துவரும் ஓர் ஐயத்தைத் தெளிதற்கு இச்சிறிய பாகுபாடு பெரிதும் துணைசெய்யும்.

அவ்வையம் இது: நாவலில் நிகழ்வனவற்றுக்குக் கருத்தா யார்? ஆசிரியன் என்பது வெளிப்படையான விடை. ஆயின் எழுதியோர் பலர் இவ்விடையை ஒப்புவதில்லை. எழுதிச் செல்லுங்கால் ஓரிடத்தில் பாத்திரங்கள் தம் விருப்பப்படி நடக்கத் தொடங்கிவிடுகின்றன என்றும், தாம் வகுத்த வழியை அவை ஏற்பதில்லை என்றும், அவை செய்வதைப் பார்த்து எழுதுவதே தம் வேலையாகிவிடுகிறது என்றும் அவர்கள் கூறுவர். ‘இயூஜீன் ஒனேகின்’ எழுதிய புஷ்கின், தன் தத்தியானா திருமணஞ் செய்துகொண்டுவிட்டாள் என்றும், அதனைத் தான் அவளிடம் எதிர்பார்க்கவில்லை என்றும் நண்பரிடம் வியந்து கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. டோல்ஸ்டோயின் கூற்று இதனினும் உறுதியான சான்றுடையது. ‘அன்னா கரீனினா’வை எழுதிக்கொண்டிருந்த 1876ஆம் ஆண்டில், ஸ்திராகொவ் என்னும் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், விரோன்ஸ்கி தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும் இடம் தான் திட்டமிட்டதன்று என்றும், முன் எழுதிய அதிகாரத்தைத் திருத்துங்காலையில் எதிர்பாராது அது நிகழ்ந்துவிட்டது என்றும் அவர் குறிப்பிட்டார். அதனோடு அமையாது, பின்வரும் கதைக்கு அந்நிகழ்ச்சி இன்றியமையாதது என்பது தமக்குப் பின்னரே தெளிவாயிற்று என்றும் கூறினார். இவ்விரண்டாம் பகுதியே முதற்பகுதியினும் முக்கியமானது. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

இவ்வனுபவம் சில மேதைகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உளவியலாளர் மார்ஜொரி டெய்லரும் அவர்தம் துணைவரும் 50 புனைகதை எழுத்தாளரை வினவி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 92 வீதத்தினர் தம் பாத்திரங்கள் தாமாக இயங்குவது போன்ற உணர்வு தமக்கு ஏதேனும் ஓரளவில் உண்டெனக் கூறினர். எடின்பரோ நூல் விழாவிற்கு வந்த 181 எழுத்தாளரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான மற்றோர் ஆய்வில், 63 வீதத்தினர் தம் பாத்திரங்களின் குரல் செவியில் விழுவதுண்டு என்றும், 61 வீதத்தினர் அப்பாத்திரங்கள் தம் வயப்படாது இயங்க வல்லன என்றும் கூறினர். ஆகவே இஃது எழுத்தாளர் தம்மை உயர்த்திக்கொள்வதற்குக் கட்டிய கதை என்று ஒதுக்கிவிடுதல் இயலாது.

எனினும் இதனை முற்றாக மறுப்போரும் உளர். ‘லொலீற்றா’ எழுதிய நபோக்கோவ், 1967இல் அளித்த ஒரு பேட்டியில், தன் பாத்திரங்கள் துடுப்பு வலிக்கும் அடிமைகளேயன்றி வேறல்ல எனும் கருத்துப்படக் கூறி, பாத்திரம் ஆசிரியனை ஆளும் என்னும் கொள்கையை எள்ளி நகையாடினார். ஒருசாரார் இதனைத் தெய்வ ஆவேசம் போன்றதொரு மறைபொருளாக்குவர். மற்றொருசாரார் இதனை வெறும் பாவனை என்பர். இவ்விரு முனைகளுக்கும் இடையில் உண்மை எங்கு உளது என்பதை அயல்நாட்டு நூல்களைக் கொண்டு ஆராய்வதினும், தமிழ் நூல்களைக் கொண்டு ஆராய்வது தமிழ் மாணவருக்குப் பயன்தரும்.

தமிழ்ச் செய்யுள் மரபு இவ்வகையில் வியத்தற்குரியது. அகப்பொருட் பாடல்களிற் புலவன் தன் குரலிற் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என அப்பாடல்கள் அனைத்தும் மாந்தரின் கூற்றாகவே அமைவன. பேசும் உரிமையை முழுவதுமாக மாந்தருக்கு அளித்துவிட்டுப் புலவன் ஒதுங்கி நிற்கும் இம்மரபு, இக்காலத்து நாவலாசிரியர் அரிதின் முயன்று எய்தும் நிலையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எய்தியது எனலாம். ஆனால் அம்மரபே மற்றொரு வரையறையையும் விதித்தது. அகத்திணை மாந்தருக்கு இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் விதி. பெயரற்ற தலைவி எல்லாக் குறிஞ்சித் தலைவியருக்கும் பொதுவானவள். அவளுக்குக் குரல் உண்டு, வரலாறு இல்லை. பாடல் முடிந்தபின் அவள் என்னவானாள் என்று எவரும் வினவுவதில்லை.

காப்பியத்தில் மாந்தருக்குப் பெயருண்டு, வரலாறும் உண்டு. அங்கே இடர்ப்பாடு தொடங்குகிறது. கம்பன் இராமனைப் பரம்பொருளாகப் போற்றியவன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மறைந்து நின்று எய்யப்பட்ட வாலி வினாத் தொடுக்குங்கால், அவ்வினாக்களின் வலிமையைக் கம்பன் குறைக்கவில்லை. அவ்வலிமைக்கு ஈடான விடையைத் தேடி உரையாசிரியரும் பட்டிமன்றத்தாரும் இன்றளவும் உழைத்து வருகின்றனர். கம்பன் வாலியின் சார்பினன் அல்லன். எனினும் வாலியை வாலியாகவே பேசவிட்டான். தன் பத்திக்கு இடையூறாக நின்ற ஒரு குரலை நெரிக்காது விட்டமை அவன் கவித்துவத்தின் நேர்மை. பாத்திரத்தின் சுதந்திரம் என்பதன் முதல் இலக்கணம் இவ்விடத்திற் புலப்படுகிறது: அது பாத்திரம் ஆசிரியனிடமிருந்து பறித்தது அன்று, ஆசிரியன் தனக்கு எதிராகவும் வழங்கியது.

இம்மரபின் தொடர்ச்சியாக, இருபதாம் நூற்றாண்டில் இச்சிக்கலை மிகத் தெளிவாகக் காட்டும் சான்று ஜெயகாந்தனின் கங்கை. ஒரே ஆசிரியன், ஒரே நிகழ்ச்சி, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று படைப்புகள். ஒரு பாத்திரம் ஆசிரியனின் கையிற் படிப்படியாக வளர்ந்து, பின்னர் அவனையே கேள்வி கேட்கும் நிலையை அடைந்த வரலாற்றை இவற்றிற் காணலாம்.

முதலாவது, 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை. மழை நாளொன்றில் பேருந்துக்குக் காத்துநின்ற ஒரு கல்லூரி மாணவி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். நிகழ்ந்ததைத் தாயிடம் கூறுகிறாள். தாய் முதலிற் பதறுகிறாள். பின்னர்த் தெளிந்து, மகளின் தலையிலே தண்ணீரை வார்த்து, அவள் தூய்மையடைந்துவிட்டாள் என்று உறுதி கூறி, இதனை எவரிடமும் சொல்லலாகாதென அறிவுறுத்துகிறாள். சீதை புகுந்த தீக்குப் பதிலாக ஓர் ஏழைத் தாயின் கைநீர். கதையின் பொருள் அவ்வளவே. இக்கதை வாசகரிடையே பெருங் கிளர்ச்சியை உண்டாக்கியது. தாய் செய்தது தகுமா, இப்படியும் ஒரு தாய் உண்டா என்று கேட்டனர் பலர்; கதையை மாற்றி வேறு முடிவு எழுதிக் காட்டியோரும் உளர்.

இச்சிறுகதையை ஒரு திறனாய்வாளன் நோக்குங்கால் ஒன்று கருதற்பாலது. இதில் அப்பெண்ணுக்குப் பெயரில்லை. அகத்திணைத் தலைவி போன்று அவள் ஒரு நிலைமையின் உருவம். காரில் வந்தவனும் அவ்வாறே. இக்கதையிற் செயல் முழுவதும் தாயினுடையது. தாயின் செயலோ ஆசிரியனின் கருணையினுடையது. அக்கருணை மிக உயர்ந்தது. அதனை எவரும் பழித்தற்கில்லை. ஆயினும் கதை அவ்விடத்தில் முடிந்துவிடுவதால், அக்கருணை மறுநாட் காலையிற் சோதிக்கப்படவில்லை. மறைக்கப்பட்ட செய்தியோடு அப்பெண் எவ்வாறு வாழ்ந்தாள் என்பது கதைக்கு வெளியே நிற்கிறது. சிறுகதை அவ்வினாவிற்கு விடைதரக் கடமைப்பட்டதன்று. அதன் இலக்கணம் அவ்வளவே.

இரண்டாவது, ‘காலங்கள் மாறும்’ என்னும் பெயரில் தினமணி கதிரிற் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என 1970இல் நூலுருப் பெற்று, 1972இற் சாகித்திய அக்கடமிப் பரிசினைப் பெற்ற நாவல். தாய் தண்ணீர் வார்க்காதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதே இந்நாவலின் தொடக்கம். தாய் அலறினாள், அயலார் அறிந்தனர், தமையன் வீட்டைவிட்டுத் துரத்தினான். தஞ்சாவூரில் வழக்கறிஞராகிய மாமன் அவளைப் படிக்கவைத்தார். அந்த ஆதரவின் உள்ளே அழுக்கும் இருந்தது. ஆண்டுகள் பல கழிந்தபின், உத்தியோகம் பார்க்கும் ஒரு பெண்ணாக அவள் வாசகர் முன் நிற்கிறாள். இப்பொழுது அவளுக்கு ஒரு பெயர் உண்டு: கங்கை.

இப்பெயரீடு சிறிய செய்தியன்று. பெயரோடு அவளுக்கு ஒரு சம்பளம், ஒரு பேருந்துப் பயணம், ஒரு மாமன், ஒரு தமையன், ஒரு பேச்சுநடை ஆகிய யாவும் வந்து சேர்ந்தன. நாவலின் பெரும்பகுதி அவளுடைய தன்கூற்றாகவே அமைந்தது. இவை ஒவ்வொன்றும் ஆசிரியன் தன் விருப்பப்படி அளித்தவை. ஆனால் அளித்தபின் அவை ஒவ்வொன்றும் ஆசிரியனைக் கட்டும் கயிறாகின்றன. பல ஆண்டுகள் மாமனின் கண்ணுக்கு அஞ்சி வாழ்ந்த ஒருத்தி, ஆசிரியன் விரும்பிய மாத்திரத்தில் ஒரு நாட் காலையில் அச்சமற்றவளாக எழுந்துவிட முடியாது. வசை கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒருத்தி, அன்பு காட்டப்பட்ட முதற்கணத்தில் நெகிழ்ந்துவிட மாட்டாள். கங்கை தன் விருப்பப்படி நடந்தாள் என்று வாசகன் உணர்வது, கங்கைக்கு ஆசிரியன் முன்பு எழுதிய பக்கங்கள் பின்பு எழுதும் பக்கங்களை ஆள்வதனாலேயே.

இந்நாவலிற் பிறிதோர் அமைப்பும் உண்டு. தமிழ் நாவலில் இதற்கு நிகரானதைக் காண்டல் அரிது. ஜெயகாந்தன் தன் சிறுகதையையே நாவலுக்குள் ஒரு பொருளாகக் கொண்டுவந்து வைத்தார். ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதியதாக ‘அக்கினிப் பிரவேசம்’ ஒரு சஞ்சிகையில் வெளிவருகிறது. கங்கை அதனைப் படிக்கிறாள். அது தன் கதையே என உணர்கிறாள். ஆனால் தன் தாய் செய்யாத ஒன்றை அக்கதையின் தாய் செய்திருக்கிறாள் என்பதையும் காண்கிறாள். தாயிடம் அதனைப் படிக்கக் கொடுக்கிறாள். தாய் படித்து அழுகிறாள். எழுதியவரையும் அவள் பின்னர்ச் சந்திக்கிறாள்.

இவ்வமைப்பின் ஆழம் சிந்தித்தற்குரியது. உலகியலில் ஜெயகாந்தன் மெய், கங்கை புனைவு. நாவலினுள்ளே அம்முறை தலைகீழாகிறது. அங்கே கங்கையின் வாழ்க்கை மெய். எழுத்தாளரின் சிறுகதை புனைவு. பாத்திரம் இருந்து ஆசிரியனின் கதையைப் படித்து அதற்குத் தீர்ப்பளிக்கிறது. அத்தீர்ப்பு கடுமையானதன்று, ஆனால் அதில் ஓர் உண்மை உண்டு. ஒரு குடம் தண்ணீராற் கழுவப்படக்கூடியதாயிருந்தது, கழுவப்படாமையால் ஒரு வாழ்க்கை முழுவதும் பரவிவிட்டது என்பதே அவ்வுண்மை. வாசகர் எழுப்பிய எதிர்ப்புக்கு ஆசிரியன் ஒரு கட்டுரை எழுதி மறுமொழி கூறியிருக்கலாம். அவ்வாறு செய்யாது, அவர்கள் கேட்ட முடிவையே எடுத்து, அதன் விலை யாது என்பதைக் கங்கையைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டினார். சிறுகதையில் தாய் செய்தது தகுமா என்ற வினா, நாவலில் தாய் செய்யாது விட்டது தகுமா என்ற வினாவாகத் திரும்புகிறது. ஆசிரியனின் கொள்கை வென்றது. ஆயின் அதனை வெல்லச் செய்தவள் அவனல்லள், அவனுடைய பாத்திரம். இலக்கணியின் மொழியிற் கூறுவதாயின், ஏவியவன் ஜெயகாந்தன், இயற்றியவள் கங்கை.

காரோட்டி வந்தவனுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. சிறுகதையில் அவன் ஒரு தீமையின் நிழல் மாத்திரமே. நாவலில் அவனுக்குப் பிரபு என்னும் பெயரும், மதியாத மனைவியும், வளர்ந்த மகளும், தன்னைத் தானே இகழும் ஓர் உள்ளமும் கிடைத்தபின், அவனை வெறுத்தற்கெனப் புகுந்த வாசகன் வெறுக்க இயலாது திகைக்கிறான். பெயர் பெற்ற பாத்திரம் நீதி கேட்கும். கெட்ட பாத்திரமும் கேட்கும். அவனை வில்லனாகவே வைத்திருப்பது ஆசிரியனுக்கு எளிதாயிருந்திருக்கும். நாவலும் எளிதிற் தீர்ந்திருக்கும்.

முடிவும் எளியதன்று. கெடுத்தவனையே மணந்து கங்கை மதிப்புப் பெறுவாள் என்றோ, சமூகத்தை உதறிவிட்டுத் தலைநிமிர்ந்து செல்வாள் என்றோ எதிர்பார்த்த வாசகனுக்கு நாவல் இரண்டையும் தரவில்லை. பிரபுவும் நீங்கிவிட, அவள் மதுவினை நாடும் நிலையில் விடப்படுகிறாள். இம்முடிவு பலரை வருத்தியது. ஆனால் நூலின் தொடக்கத்திலிருந்து மீண்டும் படிப்போர், வேறொரு முடிவுக்கு அந்நூலில் வழி திறந்திருக்கவில்லை என்பதை உணர்வர். டோல்ஸ்டோய் தன் கடிதத்தின் இரண்டாம் பகுதியிற் கூறியதும் இதுவே. பாத்திரம் எதிர்பாராது செய்தது பின்னர் இன்றியமையாததாகத் தெரியவேண்டும். தெரியாவிடின் அது பாத்திரத்தின் செயலன்று.

மூன்றாவது நூல் 1978இல் வந்தது. அதன் பெயர் ‘கங்கை எங்கே போகிறாள்’. ஒரு நாவலின் தலைப்பே ஆசிரியன் தன் பாத்திரத்தை நோக்கிக் கேட்கும் வினாவாக அமைந்தமை கவனித்தற்குரியது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்த 1879இல் இத்தகைய தலைப்பை எவரும் எண்ணியிருக்கமாட்டார். அந்நாளிற் பாத்திரம் எங்கே போகிறது என்பது ஆசிரியன் முன்னரே அறிந்து வாசகனுக்கு உரைக்கும் செய்தி. ஒரு நூற்றாண்டிற்குள் அஃது ஆசிரியனும் வாசகனும் சேர்ந்து நின்று கேட்கும் வினாவாயிற்று. தமிழ் நாவலின் வளர்ச்சியை இவ்விரு தலைப்புகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கொண்டே ஒருவாறு அளக்கலாம்.

ஆயினும், ஆசிரியனின் எழுதுகோலை இழுக்கும் கை எல்லாம் பாத்திரத்தின் கையன்று. வேறு இருவரும் அதனைப் பற்றி இழுப்பதுண்டு. ஒருவர் வாசகர், மற்றையது கொள்கை. இம்மூவரையும் பிரித்தறியாமையாலேயே, பாத்திரங்கள் தம்மை இழுத்துச் சென்றன என்னும் கூற்று சில வேளைகளிற் பொய்ச்சாட்சியாகிவிடுகிறது.

வாசகரின் கைக்கு உலகறிந்த சான்று ஷேர்லொக் ஹோம்ஸ். கொனன் டொயில் 1893இல் அவனை அருவியில் வீழ்த்திக் கொன்றார். வாசகர் பொறுக்கவில்லை, 1903இல் ஹோம்ஸ் உயிரோடு மீண்டான். அவன் மீண்டது அவன் இயல்பினாலன்று. அவனை விரும்பிய வாசகரின் வற்புறுத்தலினால். வார ஏடுகளில் தொடர்கதை வளர்ந்த தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இக்கையின் வலிமை பெரிது. கிழமைதோறும் வரும் கடிதங்கள் ஒரு பாத்திரத்தின் ஆயுளை நீட்டவும் குறைக்கவும் வல்லன. ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை எழுதிய கல்கி, அதன் முடிவிலே வாசகரின் கேள்விகளுக்குத் தனியே ஒரு முடிவுரை எழுதவேண்டியதாயிற்று. அந்நாவல் மற்றொரு பாடத்தையும் தருகிறது. வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பது தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டால் முன்னரே உறுதியாகிவிட்டது. கதையில் அவன் எத்தனை பெண்களைச் சந்திப்பினும் கல்வெட்டைத் தாண்டிச் செல்ல இயலாது. நந்தினிக்கோ கல்வெட்டில்லை, அவள் முற்றிலும் கல்கியின் படைப்பு. வரலாறு வகுத்த மாந்தர் நடுவே, வரலாறற்ற அவளே அந்நாவலின் மிகுந்த உயிர்ப்புடைய பாத்திரமாக வளர்ந்தமை தற்செயலன்று.

கொள்கையின் கை இதனினும் நுண்மையானது. ஏனெனில் அது நல்லெண்ணத்தின் கை. ராஜம் ஐயர் 1893இல் விவேக சிந்தாமணியில் எழுதத் தொடங்கிய ‘கமலாம்பாள் சரித்திர’த்தின் முற்பகுதியில் மாந்தர் தம் இயல்பில் வாழ்கின்றனர், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையை ஒருமுறை கண்டவர் மறவார். பிற்பகுதியில் வேதாந்தம் கதையின் கடிவாளத்தைப் பற்றுகிறது; மாந்தர் அத்தத்துவத்தை விளக்கும் உருவங்களாகின்றனர். யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா 1914இல் எழுதிய ‘நொறுங்குண்ட இருதயம்’ அறம் போதிக்கும் நோக்குடன் பிறந்தது. ஆனால் அங்கே நிகழ்ந்தது மறுதலை. மணவாழ்விற் கண்மணி படும் துன்பம் ஆசிரியை வகுத்த படிப்பினையின் அளவைக் கடந்துவிடுகிறது. படிப்பினையை மறந்த வாசகரும் அவள் துன்பத்தை மறவார்.

ஈழத்து நாவலில் 1960களுக்குப் பின் இச்சிக்கல் கூர்மையடைந்தது. சாதிக் கொடுமையை எதிர்த்து எழுந்த நாவல்கள் தம் காலத்தின் மிகப் பெரிய கடமையை மேற்கொண்டன. செ. கணேசலிங்கன் 1965இல் ‘நீண்ட பயணம்’, 1966இல் ‘சடங்கு’, 1967இல் ‘செவ்வானம்’ என அடுத்தடுத்து எழுதினார், கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. இவற்றின் மாந்தர் கொள்கையின் கைப்பொம்மைகள் என ஒருசாரார் குறைகூறினர். கொள்கையற்ற கலை உண்டோ என மறுசாரார் வினவினர். இரு தரப்பும் கவனியாது விட்ட ஒன்றுண்டு. கொள்கை இருத்தல் குற்றமன்று. ஜெயகாந்தனுக்கும் கொள்கை இருந்தது. கொள்கை பாத்திரத்தினூடாகச் செல்கிறதா, பாத்திரத்தின்மேல் ஏறிச் செல்கிறதா என்பதே வினா. டானியலின் மாந்தர் தம் ஊர்ப் பேச்சில், தம் தொழிலின் சொற்களில், தம் வசவிலும் எள்ளலிலும் வாய்திறக்கும் இடங்களில் எவரின் ஏவலுமின்றி உயிரோடு நிற்கின்றனர். அவர்கள் சொற்பொழிவாற்றும் இடங்களில் ஆசிரியனின் குரலே கேட்கிறது. ஒரே நூலினுள் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காணலாம். எந்தக் கட்சியினரின் நாவலுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

எழுதுகோலை இழுத்த கை எது என்பதை அறிதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. எதிர்பாராத திருப்பம் வந்தவிடத்திலிருந்து நூலைப் பின்னோக்கிப் படிக்கவேண்டும். அத்திருப்பத்தின் வேர் முன்பக்கங்களில் இருக்குமாயின் அது பாத்திரத்தின் செயல். வேர் நூலுக்கு வெளியே, வாசகர் கடிதத்திலோ ஆசிரியனின் சித்தாந்தத்திலோ இருக்குமாயின் பாத்திரம் அங்கே ஏவலாள் மாத்திரமே. விரோன்ஸ்கியின் துப்பாக்கியும் கங்கையின் மதுக்கிண்ணமும் இச்சோதனையில் நிற்கும். ஹோம்ஸின் மீட்சி நில்லாது.

அங்ஙனமாயின் ஆசிரியனுக்கு எஞ்சிய வேலை யாது? பாத்திரம் தானே நடக்குமெனின் அவன் கைகட்டி நிற்பதா? அன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீர்வேலிச் செம்மண்ணில் வாழை வைப்போரின் தொழில் இதற்கு நல்ல விளக்கமாகும். குட்டியைத் தெரிந்து நடுவதும், கிணற்று நீரைப் பாத்திக்குப் பாய்ச்சுவதும், எருவிடுவதும் தோட்டக்காரன் செயல். குலை எத்தனை சீப்பு ஈனும் என்பதை அவன் கட்டளையிட முடியாது. அது குட்டியின் சாதியும் மண்ணின் வளமும் தீர்மானிப்பது. ஆயினும் தாய்மரத்தைச் சுற்றி முளைக்கும் குட்டிகள் அனைத்தையும் அவன் விட்டுவைப்பதில்லை. வேண்டியதை நிறுத்தி ஏனையவற்றை வெட்டுகிறான். சீப்புகள் வந்தபின் பொத்தியை ஒடிக்கிறான். பாரத்தாற் சாயும் மரத்துக்கு முட்டுக் கொடுக்கிறான். வளர்ச்சி வாழையினுடையது, பொறுப்போ தோட்டக்காரனுடையது. குலை சிறுத்தால் வாழையின் விருப்பம் அதுவென்று அவன் சந்தையிற் சொல்லித் தப்பமுடியாது.

நாவலாசிரியன் நிலையும் அதுவே. பாத்திரம் அவ்வாறு செய்துவிட்டது என்று கூறி அவன் நூலின் குறைக்குப் பொறுப்பை நீக்கிக்கொள்ளல் இயலாது. ஏனெனில், ஏவுதற் கருத்தாவும் கருத்தாவே. தச்சன் கட்டிய கோயில் இடிந்தால் அரசனும் வினவப்படுவான். நபோக்கோவ் தன் பாத்திரங்களை அடிமைகள் என்றபோது வற்புறுத்தியது இப்பொறுப்பையே எனின், அவர் கூற்றும் டோல்ஸ்டோயின் கூற்றும் முற்றிலும் முரணுவன அல்ல. ஒருவர் ஏவியவனை நோக்கிப் பேசினார். மற்றவர் இயற்றியவனை நோக்கிப் பேசினார். இருவர் பேசியதும் ஒரே கோயிலைப் பற்றியே.

கல்லூரிச் சஞ்சிகைகளுக்குக் கதை எழுதப் புகும் இளைஞருக்கும் இதிலிருந்து ஒரு பாடமுண்டு. பாத்திரம் தானாக வந்து பேசும் எனக் காத்திருத்தல் வீண். அதற்குப் பெயரும் தொழிலும் வீடும் கடனும் பேச்சும் கொடுத்து, கொடுத்தவற்றை மறவாதிருத்தலே எழுதுவோன் செய்யவேண்டியது. தான் எழுதிய முதற்பக்கத்துக்குத் தானே கட்டுப்படத் துணிந்த நாளில், தான் எண்ணியிராத ஒன்றை அப்பாத்திரம் செய்யக் காண்பான். அது தன் கொள்கைக்கு இடரானதாயினும், தான் காட்ட விரும்பிய முடிவைக் கெடுப்பதாயினும், அதனை அழியாது விடுவதே அவனுடைய நேர்மைக்கு வைக்கப்படும் தேர்வு.

ஒரு சிறுகதையிற் பெயரின்றி மழையில் நின்ற பெண்ணுக்கு ஜெயகாந்தன் பெயர் கொடுத்தார். கொடுத்தபின் அவள் கேட்ட கணக்கைத் தீர்க்கும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் அவரால் அவளை விட்டு நீங்க முடியவில்லை. ஒரு பாத்திரத்துக்கு ஆசிரியன் செலுத்தும் மரியாதை இதனினும் பெரியது இல்லை. அம்மரியாதையைச் செலுத்தியமையாலேயே, ஒரு தாய் வார்த்த நீரின் பொருளை எதிர்த்து வாதிட்ட தலைமுறை மறைந்த பின்னரும், கங்கை தமிழ் வாசகரின் நடுவே ஒரு பெண்ணாக வாழ்கிறாள்.